சிமிழுக்குள் அடங்கிய குடை

உயிர்களையெல்லாம் ஊட்டி வளர்ப்பது ஞாயிறு. வயலில் நெல் விளைவதும், முற்றத்தில் மிளகாய் உலர்வதும், உப்பளத்தில் உப்புப் பூப்பதும் அதனாலேயே. குழந்தையின் எலும்பு உறுதி பெறுவதற்கு வேண்டிய 'டி' விற்றமின்கூட வெயில் பட்ட தோலிலேதான் உண்டாகின்றது. ஆயினும் வாழ்விக்கும் அவ்வொளியே அளவு கடந்தவிடத்துத் தோலைச் சுடுகின்றது; சுட்ட சிவப்பு மறைந்து ஆண்டுகள் பல சென்றபின், சிலரிடத்துப் புற்றுநோயாகத் தலைகாட்டவும் செய்கின்றது. நன்மையும் தீமையும் ஒரே கதிரில் வந்து இறங்கும்போது ஒன்றை ஏற்று மற்றொன்றை விலக்குவது எங்ஙனம்?

இதற்கெனவே வெயிற்காப்புப் பூச்சு என்னும் களிம்பு மருந்துக் கடைகளில் விற்கப்படுகின்றது. அதனைப்பற்றி இல்லங்களிலே இரு வேறு பேச்சுக்கள் நிலவுகின்றன. பூசாதிருந்தால் தோலுக்குக் கேடு என்பது ஒன்று. பூசினால் அதிலுள்ள இரசாயனம் இரத்தத்திற் கலந்துவிடும் என்பது மற்றொன்று. பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும் தாய் இவற்றுள் எதனை நம்புவாள்? உண்மை யாதெனில், இரண்டிலுமே பொருளுண்டு. அதனாலேதான், மருந்தை வெறுமனே பூசாது, கண்ணுக்குத் தெரியாத சிறு சிமிழ்களுள் அடைத்துப் பூசும் வழியொன்றை விஞ்ஞானிகள் தேடி வந்துள்ளனர். அச்சிமிழ் எத்தகையது, அது யாருக்கு உண்மையிற் பயன்படும் என்பன இன்று நாம் ஆராயப் புகும் பொருள்கள்.

கண்ணுக்குப் புலனாகாத கதிர்

வானவில்லின் நிறவரிசை ஊதாவுடன் முடிவடைவதாக நம் கண் கூறுகின்றது. அது முழு உண்மையன்று என்பதை 1801 ஆம் ஆண்டிலே யோகான் வில்லெம் ரிற்றர் என்னும் ஜேர்மானிய விஞ்ஞானி காட்டினார். வெள்ளிக் குளோரைட்டு என்னும் உப்பு ஒளி பட்டாற் கறுக்கும் இயல்புடையது. சூரிய ஒளியை அரியத்தினாற் பிரித்து, நிறங்கள் தோறும் அவ்வுப்பை வைத்துப் பார்த்தார் அவர். ஊதாவுக்கு அப்பால், ஒன்றுமே தோன்றாத இடத்தில் வைத்த உப்பே யாவற்றினும் விரைவாகக் கறுத்தது. ஆங்கே விழுந்துகொண்டிருந்த கதிரையே இன்று நாம் ஊதாகடந்த கதிர் என்கின்றோம்.

நம்மை வந்தடையும் ஊதாகடந்த கதிர்கள் இருவகைப்படும். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் வரும் ஒரு கூறு நனோமீற்றர் எனப்படும். அவ்வளவையிலே 290 முதல் 320 வரை அலைநீளம் உடையவை 'பி' கதிர்கள். 320 முதல் 400 வரை உடையவை 'ஏ' கதிர்கள். 'பி' கதிர் தோலின் மேற்பகுதியிலே தங்கி, அங்குள்ள உயிர்க்கலங்களின் கருவில் இருக்கும் டி.என்.ஏ. என்னும் பரம்பரைப் பொருளை நேரே தாக்குகின்றது. வெயிலில் நின்றவரின் தோல் சிவந்து எரிவது பெரும்பாலும் இதனாலேயாம். 'ஏ' கதிரோ இன்னும் ஆழச் சென்று, தோலைத் தாங்கி நிற்கும் நார்களைத் தளர்த்திச் சுருக்கத்தை விளைவிக்கின்றது, புற்றுநோய்க்கும் துணைபோகின்றது. சாளரக் கண்ணாடி 'பி' கதிரைத் தடுத்துவிடும். 'ஏ' கதிரிற் பெரும்பகுதி அதனூடே புகுந்துவிடும். ஆதலால் தோல் எரியவில்லை என்பது கொண்டு கதிர் படவில்லை என்று எண்ணுதல் கூடாது. இரு கதிர்களையும் ஒருங்கே தடுப்பதுதான் நல்ல பூச்சு.

இயற்கை செய்த சிமிழ்

வெயில் மருந்தைச் சிமிழில் அடைக்கும் எண்ணம் மனிதனுக்கு அண்மையிலே தோன்றியது. இயற்கைக்கோ அது மிகப் பழைய வழக்கம்.

நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் பொருள். ஊதாகடந்த கதிரை விழுங்கிக்கொள்ளும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆனால் அம்மெலனின் தோல் முழுவதும் மைபோலக் கரைந்து கிடப்பதில்லை. தோலின் அடிப்பகுதியில் உள்ள நிறக்கலங்கள் அதனைச் சிறு பைகளில் அடைத்தே உண்டாக்குகின்றன. ஒவ்வொரு பையும் ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவினது. மெலனின் உருவாகும்போது இடையிற் பிறக்கும் சில பொருள்கள் உயிர்க்கலத்துக்கு நஞ்சாதலின், அவை வெளியே கசியாதிருத்தற்கும் இப்பைகளே வேலியாகின்றன. நிறைந்த பைகள் அயலிலுள்ள தோற்கலங்களுக்குக் கொடுக்கப்படுகின்றன. பெற்றுக்கொண்ட கலம் அவற்றைத் தன் கருவுக்கு மேலே, வெயில் வரும் பக்கத்தில், குடை பிடித்தாற்போல அடுக்கி வைத்துக்கொள்கின்றது! காக்க வேண்டிய பொருள் எதுவோ அதற்கு நேர் மேலே குடை. குடையின் நஞ்சு உள்ளே இறங்காதபடி உறை. இதனினும் நுட்பமான ஏற்பாட்டை மனிதன் இன்னும் செய்ததில்லை.

நிறக்கலங்களின் எண்ணிக்கையிலே கரிய தோலினர்க்கும் வெளிய தோலினர்க்கும் பெரிய வேற்றுமை இல்லை. பைகளின் பருமனிலும், அவை தனித்தனியே பரவி நிற்கும் முறையிலும், எத்துணைக் காலம் அழியாதிருக்கின்றன என்பதிலுமே வேற்றுமை உண்டு. கரிய நிறத்தைக் குறையென எண்ணி வெளுக்க முயலும் நம் பெண்களும், மணமகளுக்கு நிறம் பார்க்கும் பெரியோரும் இதனை ஒருகணம் சிந்திப்பாராக. கரிய நிறம் என்பது உடல் தானே நெய்து அணிந்துகொண்ட குடை. வெயிற்பூச்சை வெளுக்கும் பூச்சாக விற்போரும் வாங்குவோரும் அதன் உண்மையான தொழிலை அறியாதவரே.

பூச்சின் இரு குறைகள்

வெயிற்பூச்சில் உள்ள மருந்துகள் இருதிறத்தன. முதலாவது, கனிப்பொருட் பொடிகள். நாக ஒட்சைட்டும் தைத்தேனியம் ஈரொட்சைட்டும் இவ்வகையின. தைத்தேனியத்தின் தாதுவாகிய இல்மனைற்று நமது புல்மோட்டைக் கடற்கரைக் கருமணலிலே மிகுதியாகக் கிடைப்பதை நேயர்கள் அறிவர். இரண்டாவது, காபனைக் கொண்டு ஆக்கப்பட்ட சேதனச் சேர்வைகள். அவோபென்சோன், ஒக்சிபென்சோன், ஒக்டினோக்சேற்று முதலானவை இவ்வகையின. பொடி பூசினால் முகம் சுண்ணாம்பு தீற்றியதுபோல வெளிறும். சேதனச் சேர்வையோ எண்ணெயிற் கரைந்து தெளிவாக நிற்கும். ஆகவே மக்கள் பெரிதும் விரும்புவது பின்னதையே.

இப்பூச்சுக்களாற் பயன் உண்டோ எனின், உண்டு. அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்து நம்பூர் என்னும் ஊரிலே 1992 இல் தொடங்கிய ஆராய்ச்சியொன்றில் 1,621 பேர் கலந்துகொண்டனர். நாள்தோறும் பூசுமாறு பணிக்கப்பட்டோரிடையே, விரும்பியபோது மட்டும் பூசியோரினும், செதிட்கலப் புற்றுநோய் என்னும் தோற்புற்று நூற்றுக்கு 40 அளவிற் குறைந்தது. அவர்களைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்து 2011 இல் வெளியிட்ட முடிவின்படி, மெலனோமா என்னும் கொடிய புற்றுநோயும் அவர்களிடத்துப் பாதியாயிற்று. நம்பூர் மக்களிற் பெரும்பாலோர் வெளிய தோலினர் என்பதை ஈண்டு மறத்தலாகாது. எனினும் பூச்சு வெறும் அலங்காரமன்று என்பதற்கு இது தக்க சான்று.

ஆயின் குறை எங்கே? முதற்குறை, மருந்து இருக்கவேண்டிய இடத்தில் இராமை. தோலின் மேற்படை இறந்த கலங்களை ஓடுபோல அடுக்கிய சுவராகும். மூலக்கூற்று நிறை 500 க்கு மேற்பட்ட பொருள்கள் அச்சுவரை எளிதிற் கடக்கமாட்டா என்பது தோல் மருத்துவத்தில் வழங்கும் ஒரு கணக்கு. ஒக்சிபென்சோனின் நிறை 228. ஒக்டினோக்சேற்றின் நிறை 290. அவோபென்சோனின் நிறை 310. எண்ணெயிற் கரையும் இச்சிறு மூலக்கூறுகள் உள்ளே இறங்குவதில் வியப்பென்ன? 2019 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகத்தினர் 24 பேரைக் கொண்டு இதனைச் சோதித்தனர். உடலின் முக்காற் பங்கில், நாளொன்றுக்கு நான்கு முறையாக, நான்கு நாட்கள் பூசியபின் இரத்தத்தை எடுத்துப் பார்த்தனர். சோதித்த நான்கு மருந்துகளுமே, மேலதிக ஆராய்ச்சி வேண்டாதென விடத்தக்க எல்லையைக் கடந்து இரத்தத்திற் காணப்பட்டன. இரத்தத்திற் காணப்பட்டமையால் மட்டும் தீங்கு விளைந்ததென்று கொள்ளலாகாது. பூசுவதை நிறுத்தவும் வேண்டாம் என்று அவ்வாராய்ச்சியாளரே தெளிவாகக் கூறினர். ஆயினும் தோலின்மேல் நிற்றற்கென்று பூசிய பொருள் உடலெங்கும் உலாவுவது ஒழுங்கன்று அன்றோ?

இரண்டாங்குறை, மருந்து நிலைத்து நில்லாமை. 'ஏ' கதிரைத் தடுப்பதில் வல்லது அவோபென்சோன். ஆனால் அக்கதிரைத் தடுக்குந்தோறும் அதன் மூலக்கூறுகளிற் சில சிதைகின்றன. ஒக்டினோக்சேற்றுடன் கூடினாலோ இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்கின்றன. போதாததற்கு வியர்வை கழுவுகின்றது, துவாய் துடைக்கின்றது, கடல்நீர் கரைக்கின்றது. அதனாலேதான் இரண்டு மணிக்கொருமுறை மீண்டும் பூசுக என்று புட்டியின்மேல் எழுதியிருக்கின்றார்கள். வளர்ந்த ஒருவர் உடல் முழுவதும் ஒருமுறை பூச ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் வேண்டும். புட்டியில் எழுதிய காப்பு எண் அந்த அளவுக்கே உரியது. பெரும்பாலோர் பூசுவதோ அதிற் பாதியும் இல்லை.

கழுவப்பட்ட மருந்து எங்கே போகின்றது என்பது அடுத்த வினா. பவளப் பாறைகளுக்கு ஊறு நேருமென அஞ்சி, பலாவு நாடு 2020 ஆம் ஆண்டின் முதல் நாளிலிருந்தும் ஹவாய் மாநிலம் 2021 ஆம் ஆண்டின் முதல் நாளிலிருந்தும் ஒக்சிபென்சோன், ஒக்டினோக்சேற்று என்பவை கலந்த பூச்சுக்களின் விற்பனையைத் தடைசெய்தன.

கனிப்பொருட் பொடிக்கும் ஒரு குறை உண்டு. தைத்தேனியம் ஈரொட்சைட்டின்மீது ஊதாகடந்த கதிர் பட்டால், அது நீரையே பிரிக்கும் ஆற்றல் பெறுகின்றதென 1972 இல் வுயிசிமா, ஹொண்டா என்னும் ஜப்பானிய அறிஞர் இருவர் வெளியிட்டனர். அத்தகைய பொடி தோலின்மேல் வெறுமனே கிடந்தாற் பக்கத்திலுள்ளவற்றைத் தாக்கக்கூடும். ஆகையாற் பூச்சிற் சேர்க்குமுன் ஒவ்வொரு துகளுக்கும் சிலிக்காவினாலோ அலுமினாவினாலோ மெல்லிய போர்வை போர்த்துகின்றனர். மருந்தை உறைக்குள் வைக்கும் எண்ணத்துக்கு இதுவும் ஒரு முன்னோடியே.

உடையாத சிமிழ்

நுண்சிமிழ் செய்யும் கலை பிறந்தது மருத்துவத்திலன்று, அலுவலகத்திலே! கரித்தாள் வையாமலே மேலே எழுதியது கீழேயும் பதியும் பற்றுச்சீட்டுப் புத்தகங்களை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். 1950 களில் அமெரிக்காவின் நாஷனல் காஷ் றெஜிஸ்ரர் நிறுவனத்தைச் சேர்ந்த பரற் கிறீன், லோவல் சிலைக்கர் என்னும் இருவர் அத்தாளை ஆக்கினர். மேற்றாளின் அடிப்புறத்தில் ஊன்பசையாலான எண்ணிறந்த நுண்சிமிழ்கள் பூசப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் எண்ணெயிற் கரைத்த சாயப்பொருள் அடங்கியிருக்கும். பேனை அழுத்துமிடத்திற் சிமிழ் உடைந்து, உள்ளிருந்தது ஒழுகிக் கீழ்த்தாளிற் பட்டு நிறம் பெறும்.

அச்சிமிழின் தொழில் உடைவது. நாம் விழுங்கும் குளிசைக்கூட்டின் தொழில் கரைவது. வெயில் மருந்தைத் தாங்கும் சிமிழின் தொழிலோ உடையாமலும் கரையாமலும் இருப்பது. ஏனெனில் இம்மருந்து வெளியே வந்து செய்யவேண்டியது ஒன்றும் இல்லை. கதிர் உள்ளே வந்தாற் போதும், அங்கேயே விழுங்கப்பட்டுவிடும். ஆகவே கதிரை விடக்கூடியதும் மருந்தை விடாததுமான சுவர் ஒன்றே தேவை. அத்தகைய பொருள் சிலிக்கா. வெண்மணலும் அதுவே, கண்ணாடியின் முதற்பொருளும் அதுவே. சாளரக் கண்ணாடி 'பி' கதிரைத் தடுப்பது அதிற் பிற பொருள்கள் கலந்திருப்பதனாலாகும். தூய சிலிக்கா அதனைத் தடுப்பதில்லை.

கண்ணாடியை உருக்கி ஊதினால் மருந்து வெந்துபோகும் அன்றோ? அதற்கு இசைந்த வழி குளிர்ந்த நிலையிற் கண்ணாடி செய்வது. சிலிக்கனைக் கொண்ட ஒரு நீர்மத்தை மருந்து எண்ணெயுடன் கலந்து, அக்கலவையை நீரில் விட்டு வேகமாகக் கடைவர். மோரிலே வெண்ணெய்த் துளிகள் மிதப்பதுபோல எண்ணெய் நுண்துளிகளாகப் பிரிந்து நிற்கும். துளியின் விளிம்பில், எண்ணெயும் நீரும் சந்திக்குமிடத்தில், அந்நீர்மம் நீருடன் தாக்கமுற்றுச் சிலிக்காவாக இறுகும். முடிவில் ஒவ்வொரு துளியும் தனக்கெனக் கண்ணாடிச் சிமிழொன்றைப் பெற்றுவிடும். அதன் குறுக்களவு மில்லிமீற்றரில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு.

எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டேவிட் அவ்னிர் முதலியோரின் ஆராய்ச்சியைத் தழுவி, 1997 இல் இஸ்ரேலிலே தோன்றிய சொல்-ஜெல் என்னும் நிறுவனம் இம்முறையை வெயில் மருந்துக்குக் கையாண்டது. ஜேர்மனியின் மேர்க் நிறுவனம் அவற்றை முத்துக்கள் என்னும் பெயருடன் பூச்சு உற்பத்தியாளர்க்கு விற்றது. மருந்து தோலை நேரே தொடுவதில்லை; தோலினுட் புகுவது குறைகின்றது; ஒன்றையொன்று கெடுக்கும் இரு மருந்துகளை வெவ்வேறு சிமிழ்களில் வைத்து ஒரே பூச்சிற் சேர்க்கவும் இயல்கின்றது. பகைவர் இருவரை ஒரே வீட்டின் இரு அறைகளிற் குடியமர்த்தியது போலாம் இது! பின்னர் அதே நிறுவனம் சிலிக்காச் சிமிழில் அடைத்த பென்சோயில் பெரொட்சைட்டைக் கொண்டு ஆக்கிய இரு தோல் மருந்துகளுக்கு 2021 இலும் 2022 இலும் அமெரிக்க நிர்வாகத்தின் அங்கீகாரம் கிடைத்தது. ஆதலால் இது ஆய்வுகூடத்தோடு நின்றுவிட்ட கற்பனையன்று.

தோலைப் பற்றிக்கொள்ளும் துகள்

கண்ணாடிச் சிமிழ் மருந்தைச் சிறைப்படுத்திற்று. ஆனாற் சிமிழையே நீர் அடித்துச் சென்றால் என்செய்வது? இவ்வினாவுக்கு யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் சோல்ற்ஸ்மனும் மைக்கல் ஜிராடியும் அவர்தம் குழுவினரும் 2015 இல் விடையொன்று வெளியிட்டனர்.

அவர்கள் பயன்படுத்தியது கண்ணாடியன்று. பொலிலக்ரிக் அமிலம் என்னும் பல்பகுதியம். உடலிற் கரையும் தையல் நூலுக்கும் இவ்வினப் பொருள் பயன்படுவதுண்டு. அதனைக்கொண்டு செய்த நுண்துகள்களுள் பாடிமேற்று-ஓ என்னும் பழைய வெயில் மருந்தை அடைத்தனர். துகளின் வெளிப்புறத்தைப் பொலிகிளிசரோல் என்னும் பொருளாற் போர்த்து, அப்போர்வையில் அல்டிகைட்டுக் கூட்டங்கள் தோன்றுமாறு செய்தனர். இக்கூட்டங்கள் தோலின் புரதத்தைக் கைகோத்தாற்போலப் பற்றிக்கொள்ளும். ஆகவே நீர் ஓடினும் துகள் விலகுவதில்லை. துவாயினால் அழுத்தித் துடைத்தால் நீங்குகின்றது. துடையாது விடினும் சில நாட்களில் மேற்றோல் உதிர்வதுடன் தானும் உதிர்ந்துவிடுகின்றது.

பாடிமேற்று-ஓ வைத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு நயம் உண்டு. அம்மருந்து ஒளிபட்டபின் டி.என்.ஏ. க்கே ஊறு செய்யவல்லது என்று 1990 களில் ஒக்ஸ்போர்ட் ஆராய்ச்சியாளர் காட்டியிருந்தனர். காவலனே கள்வனாகும் அத்தகைய மருந்தையும் சிமிழுக்குட் பூட்டிவைத்தால் ஏவல் கேட்கச் செய்யலாம் என்பதே யேல் குழுவினர் நிறுவ விரும்பியது. எலிகளிற் செய்த சோதனையில், வழக்கமான பூச்சிலுள்ள மருந்தின் அளவில் நூற்றுக்கு 5 பங்கிற்கும் குறைவாகவே சிமிழ்களில் இருந்தபோதும், தோல் சிவந்து எரிவதை அவை அதற்கு நிகராகத் தடுத்தன. துகள்கள் தோலினுள் இறங்கவும் இல்லை. மெலனின் பையைச் செய்த இயற்கையின் வழியை மனிதன் ஒருவாறு எட்டிப் பிடிக்கின்றான் எனலாம். இயற்கை உள்ளே பிடித்த குடையை அவன் வெளியே பிடிக்கின்றான்; வேறுபாடு அவ்வளவே.

எச்சரிக்கைகள் சில

புதியதென்று கண்டவுடன் புகழ்ந்து முடிப்பது இப்பகுதியின் வழக்கமன்று. எலியின் தோல் மனிதத் தோலன்று. மனிதத் தோல் உராயும், வியர்க்கும், காயம்படும். பொறிக்குள் அரைபட்டும் கடைபட்டும் கலக்கப்படும்போது சிமிழ் கீறினால், மருந்து கசியும். கடைக்கு வந்த சரக்கில், விற்றுத் தீருமட்டும், சிமிழ் முழுமையாய் இருக்கின்றதா என்று சோதிப்பதே உற்பத்தியாளரின் முதற் கடமை.

துகளின் அளவும் கருதத்தக்கது. தோலின் வழி புகாத துகள் மூச்சின் வழி புகலாம். அதனாலேயே ஐரோப்பிய ஒன்றியம், நுண்ணிய தைத்தேனியம் ஈரொட்சைட்டைக் களிம்பிற் சேர்க்க இசைந்தபோதிலும், நுரையீரலுட் செல்லக்கூடிய தெளிப்பு வகைகளிற் சேர்க்க இசையவில்லை. சிமிழ் எப்பொருளாலானது என்பது மற்றொரு வினா. பிளாஸ்ரிக்கினாற் செய்த சிமிழ் மருந்தைக் காக்கும். பின்னர் மக்காத தூளாகக் கடலிற் சேரும். 2023 செப்ரெம்பரில் ஐரோப்பிய ஒன்றியம், பொருள்களில் வேண்டுமென்றே சேர்க்கப்படும் நுண்பிளாஸ்ரிக்கைப் படிப்படியாக ஒழிக்கச் சட்டம் இயற்றிற்று. மக்கும் பல்பகுதியமும் சிலிக்கா போன்ற கனிப்பொருளும் அத்தடைக்குள் அடங்கா. எனவே எதிர்காலம் இவ்விரு சிமிழ்களுக்கே உரியதாகும்.

யாருக்கு இக்குடை?

இனி முதன்மையான வினாவுக்கு வருவோம். நெடுநேரம் நிலைக்கும் பூச்சு யாருக்கு வேண்டும்? விடுமுறைக்குக் கடற்கரையிற் படுத்திருப்பவர் இரண்டு மணிக்கொருமுறை மீண்டும் பூசிக்கொள்ளலாம். புட்டி அருகிலேயே இருக்கின்றது. அன்றிக் குடைக்கீழ் ஒதுங்கலாம். அவ்வாறு செய்ய இயலாதாரை எண்ணிப் பாருங்கள்.

பிறவியிலேயே மெலனினை ஆக்கும் ஆற்றல் இல்லாதாரும் குறைந்தாரும் உளர். அந்நிலையை மருத்துவர் அல்பினிசம் என்பர். அவர்களுக்கு இயற்கைக் குடை இல்லை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஏறத்தாழ 17,000 முதல் 20,000 பேருக்கு ஒருவர் என்று காணப்படும் இந்நிலை, ஆபிரிக்காவின் தன்சானியாவில் ஏறத்தாழ 1,400 பேருக்கு ஒருவர் என்ற அளவிற் காணப்படுகின்றது. மத்தியகோட்டை அடுத்த அந்நாட்டின் வெயிலிலே, உழுது பயிரிட்டுப் பிழைக்கும் குடும்பங்களில் அவர்கள் பிறக்கின்றார்கள். சிறு வயதிலேயே தோல் வெடித்துப் புண்ணாகி, நாற்பது வயதை எட்டுமுன்னரே தோற்புற்றுநோயால் மடிவோர் பலர். கிளிமஞ்சாரோ மலையடிவாரத்து மோசி நகரிலுள்ள பிராந்திய தோல் மருத்துவப் பயிற்சி நிலையத்தை அடுத்து, 2010 களில் ஒரு சிறு உற்பத்திக்கூடம் அமைக்கப்பட்டது. கிலிசன் என்னும் பூச்சை அங்கேயே கலந்து புட்டியில் அடைத்து, இவர்களுக்கு இலவசமாக வழங்கினர். தொப்பியும் நீண்ட கைச்சட்டையும் அணிதல் ஏன் என்பதையும் உடன் கற்பித்தனர்.

இத்தகைய ஒருவர்க்கு இரண்டு மணிக்கொருமுறை 30 மில்லிலீற்றர் என்பது கைக்கெட்டாத கணக்கு. ஒரு மாதத்துக்குக் கொடுத்த புட்டி ஒரு வாரத்திற் தீர்ந்துவிடும். காலையில் ஒருமுறை பூசினால் மாலைவரை நிலைத்து, வியர்வைக்கு அசையாது, இருபதில் ஒரு பங்கு மருந்தே போதுமாக ஒரு பூச்சு அமையுமானால், அது அவருக்கு அழகுப்பொருளன்று, ஆயுள். வாழ்நாள் முழுவதும், குழந்தைப் பருவந்தொட்டு, ஒருநாளும் தவறாது பூசவேண்டியவர் அவர். மருந்து இரத்தத்திற் கலத்தலாகாது என்னும் கவலையும் நம்மினும் அவருக்கே மிகுதியும் உரியது. ஆகவே சிமிழ்ப் பூச்சு வெற்றி பெற்றதா என்பதற்கு அளவுகோல் பெருநகர்க் கடைகளில் அது என்ன விலைக்கு விற்கின்றது என்பதன்று. மோசி நகரத்து உற்பத்திக்கூடம் போன்ற ஓரிடத்தில் அதனைக் கலந்து இலவசமாகக் கொடுக்க இயலுமா என்பதே அளவுகோல். அந்நிலை இன்னும் வரவில்லை. வரச்செய்வது இரசாயன அறிஞரின் கையில் மட்டும் இல்லை; பணம் ஒதுக்குவோரின் மனத்திலும் இருக்கின்றது.

இல்லத்தரசியர்க்குச் சில வார்த்தைகள் கூறி முடிப்போம். நம்மிற் பெரும்பாலோர்க்கு இயற்கைக் குடை உண்டு. ஆயினும் அது முற்றும் மழுங்காத குடையன்று. முற்பகல் பத்து மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை பிள்ளைகளை நிழலில் வைத்திருங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பூச்சு வேண்டா. நிழலும் மெல்லிய துணியுமே போதும். பூச்சு வாங்கின், 'ஏ', 'பி' என்னும் இரு கதிர்களையும் தடுப்பதாக எழுதியிருக்கின்றதா என்றும், காப்பு எண் 30 க்குக் குறையாதிருக்கின்றதா என்றும் பாருங்கள். இரசாயனம் உட்செல்லுமென்று அஞ்சுவோர் நாக ஒட்சைட்டுப் பூச்சைத் தெரிந்துகொள்ளலாம். முகம் சற்று வெளிறுவதைப் பொறுத்துக்கொண்டாற் போதும். குடும்பத்திலோ அயலிலோ அல்பினிசமுடைய பிள்ளை இருப்பின், அதனைப் பழவினை என்றும் சாபம் என்றும் பேசாது, தோல் வைத்தியரிடம் காட்டுங்கள். தொப்பியும் நீண்ட சட்டையும் அணிவித்துப் பள்ளிக்கு அனுப்புங்கள். வகுப்பில் நிழலான இடத்தில் இருத்துமாறு ஆசிரியரைக் கேளுங்கள். பனையோலைத் தொப்பிக்கும் பருத்திச் சட்டைக்கும் இரண்டு மணிக்கணக்கு இல்லை. அவை இரத்தத்திற் கலப்பதும் இல்லை. சிமிழ் வந்து சேருமட்டும் அவையே நம் கைக்கெட்டிய குடை.